ப்ராபர்ட் புல்வெளியில் ஒரு வழி

நெதர்கோட்,
1994 அக்டோபர் 16, ஞாயிறு.

அன்பு மகள் ஹெதருக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவும் நானும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை, ஆனால் அது இப்போது தனி ஆள் மாதிரி ஆகிவிட்டது, எழுந்திருப்பதும் உட்காருவதும் அதன் இஷ்டம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் படுக்கப் போகும் முன் என்னுடைய ஒரே வேண்டுதல். உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. போட்டோவில் சின்னவனுக்கு முன்பல் இரண்டும் இல்லை, அப்பா அதை அடுப்படி அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் போகும்போதும் வரும்போதும் அவனைப் பார்த்துப் பல்லை இளிக்கிறார். இந்த வருடம் ஆப்பிள் கொட்டு கொட்டென்று கொட்டித் தீர்த்துவிட்டது, ரெக் ப்ரீஸ் வீட்டுச் செக்கில் பிழிந்து மூன்று பீப்பாய் சைடர் போட்டிருக்கிறோம், மிச்சத்தை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் கதவைத் தட்டுகிறவர்களுக்கெல்லாம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். தபால்காரர் இப்போது கடிதத்தை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்.

போன கடிதத்தில் பூட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நீ என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். ஆனது நிறைய, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி. கோயிலுக்குப் பின்னாலிருந்து ப்ராபர்ட் புல்வெளியின் குறுக்கே போய், ஓடையின் மேல் பலகைப் பாலம் தாண்டி, அக்கரையில் இருக்கிற சின்னச் சபைக்கோயிலுக்குப் போகிற வழியில் நீயும் ஓடியிருக்கிறாய். கிழவர் ப்ராபர்ட் செத்து ஐந்து வருடம் ஆகிறது. அவருடைய அண்ணன் மகன் நிலத்தை விற்றுவிட்டான். வாங்கிய லாங்க்லி பர்மிங்காம்காரர், குதிரை வளர்க்கிறார், கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். யாருடைய நாயோ சினையாக இருந்த அவருடைய குதிரையைத் துரத்தி, அது வேலியில் விழுந்து காலைக் கிழித்துக்கொண்டது. மறுநாள் காலையில் இரண்டு பக்கக் கதவிலும் பூட்டு. இது போன வருடம் ஏப்ரலில்.

மற்றவர்களுக்கு அது ஒரு நடை போச்சு, அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. உனக்கு இதை நான் அதிகம் சொன்னதில்லை, ஒருவேளை சொல்லியிருக்க வேண்டும். நீ பிறப்பதற்கு நாலு வருடம் முன்னால், 1958 பிப்ரவரியில், உனக்கு ஒரு அண்ணன் பிறந்தான், தாமஸ் என்று பெயர் வைத்தோம், ஒன்பது நாள் இருந்தான் என்பது மட்டும் உனக்குத் தெரியும். அவனை உன் அப்பா வீட்டாரின் சபைக்கோயிலில், ஓடைக்கு அக்கரையில்தான் வைத்திருக்கிறோம். முதல் மூன்று மாதம் நான் தினமும் போனேன். பிறகு வியாழக்கிழமை தோறும், முப்பத்தைந்து வருடமாக. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது, வியாழக்கிழமை அம்மா முட்டை வாங்கப் போகிறாள் என்று சொல்லி உன்னைப் பக்கத்து வீட்டில் விடுவேனே, முட்டை நம் கோழியே போடும், நீ ஒரு நாளும் கேட்டதில்லை. புல்வெளி வழியாகக் கால் மணி நேரம். சாலை வழியாக ஆலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் நாலு மைல், பஸ்ஸும் கிடையாது, இந்த இடுப்பை வைத்துக்கொண்டு நடக்கிற தூரமா அது. பூட்டு விழுந்த பிறகு ரெக்கின் காரில் இரண்டு தடவை போனேன். அவர் பாவம் வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். அப்புறம் நான் கேட்கவில்லை. பதினேழு மாதம் போகவே இல்லை. 

மூரியல் டிரான்டரை நினைவிருக்குமே, ஊர்மன்றத்துக்கு எழுத்து வேலை பார்க்கிறவள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். அவள்தான் மாவட்ட அலுவலகத்துக்கு நடையாக நடந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்தாள். ஊர்க்காரர்கள் இருபது வருடம் ஒரு வழியில் ஒளிவு மறைவில்லாமல், யாரும் தடுக்காமல், யாருடைய அனுமதியும் வாங்காமல் நடந்திருந்தால் சட்டப்படி அது ஊர் வழி, எந்தக் கொம்பனும் பூட்ட முடியாது. அனுமதி வாங்கி நடந்திருந்தால் அது நிலக்காரரின் தயவு, ஆள் போனால் தயவும் போச்சு. அவளுக்கு ஒரே உற்சாகம். பழைய வரைபடம் ஒன்றில் அந்த வழி புள்ளிக்கோடாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். அது ஒன்று மட்டும் போதாதாம், அதிகாரி வந்து விசாரணை நடத்தும்போது நடந்தவர்கள் வாய்மொழியும் வேண்டுமாம். பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் பூப் பறிக்க வந்த கூலிப் பெண்கள் தள்ளுவண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போனது, 1911 கோடையில் கிணறெல்லாம் வற்றியபோது அக்கரை ஊற்றிலிருந்து ஊரே அந்த வழியாகத் தண்ணீர் சுமந்தது, ஊர் எல்லையைச் சுற்றி வந்து எல்லைக் கற்களைப் பார்க்கும் நாளில் பாதிரியார் முன்னே போக நாங்கள் பின்னே போய் ஓடைக்கரைக் கல்லில் என்னைத் தலைகீழாகப் பிடித்து முட்டியது, எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். ஏழு வயதில் முட்டிய முட்டு, எல்லையை மறக்கவே கூடாது என்றுதான் முட்டுவார்கள், நான் மறக்கவில்லை.

மே மாதம் ஊர்க்கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, டீயும் கேக்கும் கொடுத்து, ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். முதலில் எழுந்தவர் ரெக். கோயில் மணியடிக்கிறவர் இல்லையா, எதிலும் முதல் கயிறு அவருக்குத்தான். “நான் அறுபத்திமூணுலேருந்து நடக்கிறேன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ப்ராபர்ட்டைப் பார்த்து, ‘இந்த வருஷமும் போகலாமா’ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் நடப்பேன். மரியாதை தெரியாதவனா நான்?” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். மூரியல் பேனாவைக் கீழே வைத்தாள். “ரெக், உக்காருங்க, இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க, கேட்டேன்னு சொன்னா கதை முடிஞ்சுது” என்றாள். அடுத்தவர் எழுந்தார், அவரும் கேட்டவர். அதற்கடுத்தவள் கேட்டதோடு நிற்காமல் ஒவ்வொரு தடவையும் பிளம் ஜாம் வேறு கொண்டுபோய்க் கொடுத்தவள். இந்த ஊர் ஜனங்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மழையில் நனைந்தால் மழையிடம் மன்னிப்புக் கேட்கிறவர்கள். ஒவ்வொருவராக எழுந்து, தன் நல்ல பழக்கத்தைப் பெருமையாகச் சொல்லி, மூரியலின் முகத்தைப் பார்த்துவிட்டு, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். கடைசியில் எட்னா காஃப் எழுந்தாள். “நான் கேக்கல. அம்பத்தொண்ணுல தோட்டப் போட்டியில என் அவரைக்காயை வளைஞ்சிருக்குன்னு சொன்ன மனுஷன் அவன். அவன் மூஞ்சில முழிக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். நாப்பது வருஷம் அவன் வயல் நடுவுலயே போனேன், வந்தேன், ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பேனா? கேக்கறதாம்ல!” மூரியல் அவளைக் கட்டிப்பிடிக்காத குறை. முப்பத்தெட்டுப் பேரில் கேட்காதவர்கள் ஏழு பேர்தான் தேறினோம். ஆறு பேர் ஊரில் வாய்த்துடுக்குக்குப் பேர் போனவர்கள், ஏழாவது நான். ஏன் கேட்கவில்லை என்று என்னை யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகிறவளுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்று தோன்றுமா, எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது உன் அப்பா எழுந்து, “நானும் கேட்டிருக்கேன்” என்றார். “நாயைக் கூட்டிட்டு நடக்கத்தானே, ஸிரில்? சரி, நீங்களும் விசாரணை அன்னிக்கு வீட்டுல இருங்க. யாரையும் பொய் சொல்லச் சொல்லல, வாயைத் திறக்காம இருந்தா போதும்” என்றாள் மூரியல். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தொப்பி திரும்பினால் அவர் ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார், விசாரணை அன்றைக்குத் தானும் போய், கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லப் போகிறாராம். “தெரிஞ்சதை மறைச்சு ஜெயிச்சா அந்த வழியில எனக்குக் கால் வராது, ஈனிட்” என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. முப்பத்தாறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். “உங்களுக்கு எப்படி வரும் கால்? அவனை இறக்கி வெச்ச நாளுக்கப்புறம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கல்லுக்கு முன்னாடி என்கூட வந்து நின்னிருக்கீங்களா? அவன் பேரையாவது சொல்லியிருக்கீங்களா?” உன் அப்பா கரி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கரி நிறைய இருந்தது. நாலு நாள் நாங்கள் பேசவில்லை, டீக் கோப்பையை நான் வைத்த வேகத்தில் ஒரு கைப்பிடி உடைந்தது, உன் கல்யாணத்துக்கு வந்த நீலக் கோப்பைதான், மன்னித்துக்கொள். கோடை முழுக்க அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை, ஆனால் அவர் மனசு மாறவில்லை என்று எனக்குத் தெரியும்.

விசாரணை செப்டம்பர் ஆறாம் தேதி, அதே ஊர்க்கூடத்தில். வெளியூரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார், ஒல்லியான மனுஷர், முந்தின நாளே தனியாக அந்த வழியை நடந்து பார்த்துவிட்டு, சப்பாத்தில் சேறு காயாமல் வந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. லாங்க்லிக்கு ஒரு வக்கீல், நல்ல சூட்டு, தேன் ஒழுகுகிற பேச்சு. எட்னாவை அவர் சீண்டப் பார்த்து, அவரைக்காய்க் கதையை முழுசாகக் கேட்க வேண்டியதாகிவிட்டது. என் முறை வந்தபோது, “அம்மா, இவ்வளவு மரியாதைப்பட்ட ஊர்ல, இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையா?” என்றார். ஊர் முன்னால் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தேன், ஆனால் வாய் கேட்கவில்லை. “அக்கரையில என் புள்ளை இருக்கான் ஐயா. அவனைப் பார்க்க நான் யாருகிட்ட கேக்கணும்?” என்றேன். வக்கீல் ஒரு நிமிஷம் காகிதத்தைப் பார்த்தார். ஆனால் பிழைப்பு இருக்கிறதே, அவர் நிமிர்ந்து, “ஏழு பேர் நடந்ததை ஊர் நடந்ததுன்னு சொல்ல முடியாது, மத்தவங்க எல்லாம் ப்ராபர்ட்கிட்ட கேட்டு நடந்தவங்கன்னு நாங்க கேள்விப்படறோம், அவங்க யாரும் இங்க பேச வராததே அதுக்கு அத்தாட்சி” என்றார். மூரியல் வெளுத்துப்போனாள்.

உன் அப்பா எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். “நான் கேட்டவன். அது உண்மைதான்” என்றார். வக்கீல் முகத்தில் பூரிப்பு தாங்கவில்லை. “முதல்ல எப்பக் கேட்டீங்கன்னு நினைவிருக்கா?” என்றார். “அம்பத்தெட்டு பிப்ரவரி, கடைசி வாரம். எங்க புள்ளையைப் புதைச்சு அஞ்சாம் நாள்” என்றார் அப்பா. நான் கையில் வைத்திருந்த கையுறையைக் கீழே போட்டுவிட்டேன். “ஆடுங்க குட்டி போடற நேரம் அது. என் சம்சாரம் தினம் அதுங்க நடுவுல போவா, அழுதுட்டே போவா, அழுதுட்டே வருவா. ஆடு மிரளும். ப்ராபர்ட் முன்கோபி, ஏதாவது சத்தம் போட்டுட்டார்னா அன்னிக்கு இருந்த இருப்புல அவ தாங்க மாட்டா. அதனால அவளுக்குத் தெரியாம போய், அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க, போக விடுங்கன்னு கேட்டேன். அதுலேருந்து வருஷா வருஷம் குட்டி போடற காலத்துக்கு முன்னாடி போய்க் கேட்டுட்டு வருவேன். அவர் செத்த வருஷம் வரைக்கும்.” அவ்வளவு நீளமாக உன் அப்பா பேசி நான் கேட்டதே இல்லை, ஹெதர். எல்லோரையும் பார்த்துச் சொன்னார், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

வக்கீல், “ஆக, இந்த அம்மா நடந்ததும் ப்ராபர்ட் கொடுத்த அனுமதியிலதான்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த அதிகாரி பேனாவை மூடாமல் கேட்டார், “அனுமதி கொடுத்தாரா? நீங்க கேட்டதுக்கு அவர் என்ன பதில் சொன்னார்?” உன் அப்பா தயங்கினார். “திட்டினார் ஐயா.” “எப்படித் திட்டினார்?” “பொம்பளைங்க இருக்காங்க, கொஞ்சம் கழுவித் துடைச்சுச் சொல்றேன். ‘என்கிட்ட எதுக்குடா வந்து நிக்கிற? கொடுக்கறதுக்கு அது என் வழியா? எங்க தாத்தா காலத்துலேருந்து ஊர் நடக்கற வழி. நான் மறிச்சா என்னையே உள்ள தள்ளுவானுங்க. போய் வேலையைப் பாரு’ன்னார். வருஷா வருஷம் அதே வார்த்தைதான்.” வீட்டில் இருக்கச் சொல்லியும் மற்றவர்களோடு வேடிக்கை பார்க்க வந்து கூடத்தின் பின்னால் உட்கார்ந்திருந்த ரெக் துள்ளி எழுந்தார், “என்னையும் அதையேதான் சொல்லித் திட்டினார்!” ஜாம் கொடுத்தவள் எழுந்து, “ஜாமை வாங்கிக்கிட்டுத் திட்டினார்” என்றாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள், முப்பது பேரும் ஒரே திட்டை வாங்கியிருக்கிறார்கள், ஒருவருக்கும் அது பதிலாகவே தோன்றவில்லை, கிழவர் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வருடமும் மரியாதையாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். எட்னாவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது, நாற்பது வருடம் விறைத்துக்கொண்டு நடந்ததற்கு யாரும் ஒரு திட்டுகூடத் திட்டவில்லையே என்று.

தீர்ப்பு பத்து நாளைக்கு முன்னால் தபாலில் வந்தது. நிலத்துக்காரரே தன் வாயால், கேட்டவர்களிடமெல்லாம், அது தன்னுடையதல்ல, ஊருடையது என்று முப்பது வருடம் சொல்லியிருக்கும்போது இதில் அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை, அது பொது வழிதான் என்று அந்த அதிகாரி எழுதியிருக்கிறார். லாங்க்லி தானே வந்து பூட்டைக் கழற்றினார். தானாகச் சாத்திக்கொள்கிற கதவு போட்டு, நாயைக் கயிற்றில் பிடியுங்கள் என்று ஒரு பலகை வைத்திருக்கிறார், நியாயம்தானே. மறுநாள் காலை ரெக் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, “அப்ப, இன்னிலேருந்து நடக்கலாமில்லையா?” என்று கேட்டுவிட்டு வந்தாராம். மூரியலுக்கு அதைக் கேட்டு மயக்கமே வந்துவிட்டது. லாங்க்லி சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாராம், நம் ஆள் அவருக்கு ஒரு பை ஆப்பிள் கொடுத்திருக்கிறார், என் ஆப்பிள்தான்.

விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, “ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா நீ போறதை நிறுத்திடுவ. யாரோ விட்டு நாம போறதான்னு நினைப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?” என்றார். உண்மைதான், நிறுத்தியிருப்பேன். மே மாதத்தில் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன், அவர் உப்பு எங்கே என்று தேடினார்.

போன வியாழக்கிழமை வெயில் இருந்தது. நான் கோட்டை மாட்டும்போது அவரும் மாட்டினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பலகைப் பாலம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், பிறகு என் ஆமை நடை அவருக்குப் பொறுக்காமல் முன்னால் போய்விட்டார். அங்கே யூ மரத்துக்குப் பின்னால் பிள்ளைகளுடைய கல் மட்டும் பதினொன்று இருக்கின்றன, எல்லாம் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரே மாதிரிக் கற்கள், எழுத்தெல்லாம் பாசி மூடியிருக்கும், பதினேழு மாதம் கழித்துப் போகிறேனே, எது என்று எனக்கே தடவிப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன். நான் போய்ச் சேரும்போது உன் அப்பா மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கத்தியை எடுத்துப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தாமஸின் கல்தான். நான் காட்டவில்லை, ஹெதர்.

இதை எழுதினேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே, போனில் பேசும்போது பல் இல்லாத பேரனைப் பற்றியே பேசு. நீயும் உன் வீட்டுக்காரரும் கோபத்தோடு படுக்கப் போகாமல், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமல், கையில் எடுத்ததெல்லாம் நல்லபடி முடிந்து, நூறு வருடம் நன்றாக இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். வரும் கோடையில் வருவதாக எழுதியிருக்கிறாயே, பிள்ளைகளுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மறக்காமல் வாங்கிக்கொண்டு வா, அவர்களுடைய மாமனைப் பார்க்க அழைத்துப் போக வேண்டும், ஓடைக்கரையில் எப்போதும் சேறு.

உன் அம்மா,
ஈனிட் பேலிஸ்.
(அப்பாவும்.)